வாசலில் காத்திருந்த மரக் கிண்ணம்

அந்தக் காளானைக் கண்டால் உங்களுக்கே பறிக்கத் தோன்றும். இரத்தச் சிவப்பில் குடை. மேலே பொரியைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். ஆனால் தொட்டுவிடாதீர்கள், விஷம்!

ஸைபீரியாவின் கிழக்குக் கோடியிலே, காம்சாட்கா தீபகற்பத்தின் வடபகுதியில் வாழும் கொர்யாக் மக்களுக்கு அந்த நாளில் கள்ளும் சாராயமும் இதுதான். பனிப் பிரதேசத்தில் தென்னைக்கும் பனைக்கும் எங்கே போவார்கள்? பிர்ச் மரத்தடியில் முளைக்கும் இந்தக் காளானைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவார்கள்.

1737 முதல் 1741 வரை காம்சாட்காவில் சுற்றிய ரஷ்ய அறிஞர் கிரஷெனின்னிகோவ் இதன் லீலைகளை எழுதி வைத்திருக்கிறார். அளவோடு தின்றவனுக்கு உற்சாகமும் துணிச்சலும் பிறக்கும். அளவு மீறினாலோ, சின்னத் துவாரம் பெரிய வாசலாகவும், ஒரு கரண்டித் தண்ணீர் சமுத்திரமாகவும் தெரியுமாம்!

கொர்யாக்குகளுக்கு இது வெறும் போதை அல்ல. ஆதியில் பெரிய அண்டங்காக்கை ஒன்று திமிங்கிலத்தைப் பிடித்தது. அதைக் கடலுக்குத் திருப்பி அனுப்ப நினைத்தபோது அதன் கட்டுச்சோற்று மூட்டையைத் தூக்க முடியவில்லை. கடவுள் பூமியில் உமிழ்ந்தார். எச்சில் விழுந்த இடத்தில் காளான் முளைத்தது. அதைத் தின்றதும் மூட்டை பஞ்சாய் லேசாகிவிட்டது. 1900-ஆம் ஆண்டையொட்டி அங்கே தங்கியிருந்த யோகெல்ஸன் என்ற ஆராய்ச்சியாளர் பதிவு செய்த கதை இது.

கடவுள் எல்லாருக்குமாக உமிழ்ந்தாலும் காளான் எல்லாருக்கும் கிட்டவில்லை. பொல்தாவா போரில் 1709-இல் பிடிபட்டு, ஸைபீரியாவில் கைதியாக இருந்த ஸ்வீடிஷ் அதிகாரி ஸ்ட்ராலன்பர்க், தாம் கேள்விப்பட்டதை 1730-இல் வெளியிட்டார். பணக்காரர்கள் குளிர்காலத்துக்கென்று காளானைச் சேமிப்பார்கள். விருந்து நாளில் கொதிக்கவைத்து அதன் சாற்றைக் குடிப்பார்கள். வாங்க வழியில்லாத ஏழைகள் குடிசையைச் சுற்றி, கையில் மரக் கிண்ணத்தோடு காத்து நிற்பார்கள். எதற்கு? சொல்லக் கூசுகிறது, சொல்லாமலும் முடியாது. விருந்தாளி சிறுநீர் கழிக்க வெளியே வருவான். அதை ஏந்திக் குடிப்பார்கள்!

முகம் சுளிக்காதீர்கள். அவர்கள் கண்டது சரியே என்கிறது இன்றைய ரசாயனம். போதை தரும் மஸ்கிமால் என்ற பொருளில் ஒரு பங்கு உடலில் சிதையாமல் அப்படியே வெளியேறிவிடுகிறது. பனிமான்கள்கூட இதை மோப்பம் பிடித்து வருமாம்.

பிறகு ரஷ்ய வியாபாரிகளோடு வோட்கா வந்தது. அதற்காக யார் வீட்டு வாசலிலும் காத்து நிற்க வேண்டியிருக்கவில்லை. வியாபாரியே புட்டியோடு குடிசை தேடி வந்தான். திரும்பும்போது அவனுடைய வண்டியில் ரோமத் தோல்கள் இருந்தன.