ஓய்வைச் சேமித்து வைக்கலாமா?

“அடுத்த வருஷம் பார்ப்போம்.”

எங்கள் வாப்பா அடிக்கடி சொன்ன வார்த்தை இது. ஊரின் பிரதான வீதியில் புடவைக் கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகக் கதவை மூடுவார். இரண்டு பெருநாட்களிலும் மூடுவார். மற்ற நாட்களில் காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை அவரைக் கடையில்தான் காணலாம். உம்மாவை நுவரெலியாவுக்குக் கூட்டிப் போவதாகக் கல்யாணமான புதிதில் கொடுத்த வாக்கு, நான் சாதாரண தரப் பரீட்சை எழுதும்வரை நிறைவேறவில்லை.

கடைசியில் ஓர் ஏப்ரல் மாதம் போனோம். ஒரு வான், பதினொரு பேர், ஐந்து நாட்கள். தொலைபேசி கண்ட இடமெல்லாம் வாப்பா இறங்கி அன்றைய விற்பனையை விசாரித்தார். உம்மாவோ வாடகைக்கு எடுத்த வீட்டின் குசினியில் பதினொரு பேருக்கும் மூன்று வேளையும் சமைத்தார். கிறகரி வாவியை அவர் பார்த்தது வானின் கண்ணாடி வழியாகத்தான். திரும்பி வந்த மறுநாள் முற்றம் நிறைய அழுக்குத் துணி. இதற்குப் பெயர் விடுமுறையா?

ஓய்வைப் பணத்தைப் போலச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் செலவழிக்கலாம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உடல் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. நெதர்லாந்தில் ஜெசிக்கா டி புளோம் என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும், சராசரியாக 23 நாட்கள் விடுமுறையில் சென்ற 54 ஊழியர்களைக் கவனித்து 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களது உடல்நலமும் மனநிறைவும் எட்டாம் நாளளவில் உச்சத்தைத் தொட்டன. ஆனால் வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டன. மூன்று வார ஓய்வு ஒரு வாரத்தில் கரைந்து போகுமென்றால், வருடத்தில் ஒரே தடவை ஓய்வெடுப்பவரின் மிகுதி மாதங்களை எண்ணிப் பாருங்கள்.

ஓய்வே எடுக்காதவரின் நிலை இன்னும் மோசம். வாரத்துக்கு 55 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்பவர்களை விடப் பாரிசவாதம் வரும் ஆபத்து 35 வீதம் அதிகம் என உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் நிறுவனமும் 2021இல் அறிவித்தன. வாப்பாவின் கணக்கு எழுபதைத் தாண்டும்.

தனியார் காரியாலயங்களிலும் கடைகளிலும் சம்பளத்துக்கு வேலை செய்வோருக்கு எமது நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. வருடத்துக்கு 14 நாட்கள் வருடாந்த லீவு, 7 நாட்கள் கெசுவல் லீவு. வருடாந்த லீவில் ஏழு நாட்களைச் சேர்த்தாற்போல் எடுக்கவும் உரிமையுண்டு. அதை ஒரு தடவை எடுத்துவிட்டு, மிச்சத்தை இரண்டு மூன்று நாட்களாகப் பிரித்து வருடம் முழுவதும் பரப்பினால் என்ன? மாதந்தோறும் போயா விடுமுறை வேறு வருகிறது. (1966 முதல் 1971 வரை வாராந்த விடுமுறையே போயாவைப் பார்த்துத்தான் வந்தது, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் போன கதையை மூத்தவர்களிடம் கேளுங்கள்!)

சொந்தக் கடைக்காரருக்குத்தான் இப்படி லீவு கொடுக்க ஒருவரும் இல்லை. அவரே அவருக்குக் கொடுத்தால்தான் உண்டு. அபூதர்தா (ரலி) அவர்கள் இரவும் பகலும் வணக்கத்திலேயே மூழ்கியிருந்தபோது, ஸல்மான் (ரலி) அவர்கள் அவரை உண்ணவும் உறங்கவும் வைத்த சம்பவத்தைப் பயான்களில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! வணக்கத்துக்கே அளவு உண்டென்றால் வியாபாரத்துக்கு இல்லையா?

அந்தப் பயணம் போய் இரண்டு வருடங்களில் வாப்பா பாரிசவாதத்தில் விழுந்தார். கடைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இரத்த அழுத்தமும் இருந்தது. அவர் படுக்கையில் கிடந்த நான்கு மாதமும் சாச்சாவும் நானாவும் கடையை நடத்தினார்கள். ஒருநாள் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். “நான் இல்லாமலும் நடந்திருக்கே” என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

எழுந்து நடமாடத் தொடங்கிய பின் மாதத்தில் இரண்டு நாட்கள் கடைக்குப் போகாமல் இருக்கப் பழகினார். ஆனால் அந்த நாட்களில் உம்மாவுக்கு வேலை கூடியது! தேத்தண்ணி ஒரு தடவை அதிகம், பகல் சோற்றுக்கு ஒரு கறி அதிகம். போயா தினமும் அப்படித்தான். எல்லோரும் வீட்டில் இருந்தால் குசினிக்கு ஓய்வேது? இதை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. சொல்லிக் காட்டியது புதிதாக வந்த மச்சிதான்.

அதன்பின் ஒவ்வொரு போயாவுக்கும் உம்மாவின் அடுப்பு எங்கள் பொறுப்பானது. முதல்நாள் நானாவும் நானும் ஆக்கிய சோறு குழைந்து போனது. உம்மா மூன்று தடவை குசினி வாசலுக்கு வந்தார். மூன்று தடவையும் மச்சி கையைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்.

“அப்போ நான் என்ன செய்ய?” என்று கேட்டார் உம்மா.

யாருக்கும் பதில் தெரியவில்லை. சற்று நேரம் விறாந்தையில் உட்கார்ந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். லுஹர் தொழுதுவிட்டுப் பாயில் சாய்ந்தவர், அஸருக்கு பாங்கு சொல்லும்வரை எழும்பவே இல்லை.