எச்ஐவி தடுப்பு மாத்திரை: செய்தி யாரிடம் போய்ச் சேர்கிறது?

எச்ஐவி தொற்று இல்லாதவர்கள், அது வராமலிருக்க முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரைக்கு ‘பிரெப்’ என்று பெயர். டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் ஆகிய இரண்டு மருந்துகள் ஒரே மாத்திரையில் சேர்ந்திருக்கும். உடலுக்குள் நுழையும் வைரஸ் பெருகாதபடி இவை தடுக்கின்றன. தினமும் தவறாமல் சாப்பிட்டால், உடலுறவு வழியாகத் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 99 சதவீதம் குறைகிறது. தொடங்கும் முன் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சிறுநீரகப் பரிசோதனைகள் அவசியம். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்ஐவி பரிசோதனை.

அமெரிக்காவில் இதற்கு 2012இல் அனுமதி கிடைத்தது. 2021இல் அங்கு இம்மருந்து தேவைப்பட்ட வெள்ளையர்களில் 78 சதவீதத்தினருக்கு மருத்துவர்கள் அதை எழுதிக்கொடுத்திருந்தார்கள். கறுப்பினத்தவரில் வெறும் 11 சதவீதத்தினருக்கு. புதிய தொற்றுகள் அதிகம் காணப்படுவதோ கறுப்பினத்தவரிடம். இது பெரும் அநீதி.

இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் 2022இல்தான் பிரெப் வழிகாட்டுதலை வெளியிட்டது. எச்ஐவி பற்றிய முழுமையான அறிவே பெண்களில் 22, ஆண்களில் 31 சதவீதத்தினருக்குத்தான் இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இங்கே இடைவெளியை உண்டாக்குபவை மொழியும், தொலைவும், வேலை நேரமும்.

உதாரணமாக, போடிநாயக்கனூரிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் காலையிலேயே போடிமெட்டு மலைப்பாதையில் ஏறிவிடும், திரும்புவது மாலையில். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம். ஆனால் பகலில் அங்கே போவதென்றால் ஒருநாள் கூலி போய்விடும். மலைக்கு அப்பால் இடுக்கித் தோட்டங்களில் ஜார்க்கண்ட், அசாம், மத்தியப் பிரதேசத் தொழிலாளர்களும் தங்கி வேலை செய்கிறார்கள். தமிழ்ச் சுவரொட்டி, மலையாளச் சுவரொட்டி இரண்டுமே அவர்களுக்குப் பயன்படாது. குரங்கணி, கொட்டக்குடிப் பக்கத்து முதுவர், பளியர் குடியிருப்புகளுக்குத் தொலைவுதான் பெரிய தடை.

எச்ஐவி தடுப்புத் திட்டத்தின் இலக்குப் பட்டியலில் லாரி ஓட்டுநர்களும் புலம்பெயர் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. சாயங்காலம் ஜீப் வந்து நிற்கும் இடத்தில், அவர்கள் மொழியிலேயே பேசும் களப்பணியாளர் தேவை.

ஆண்டுக்கு இரண்டே முறை போடும் லெனகாபவிர் ஊசியை உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூலையில் பரிந்துரைத்தது. தினசரி மாத்திரையை நினைவில் வைக்க வேண்டிய சுமை இதில் இல்லை. தொற்று அபாயம் ஏற்கெனவே நேர்ந்துவிட்டால் அதற்குத் தனி மருந்து உண்டு: 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். விவரம் கேட்க 1097 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது.