சேலத்தில் பொதுப் போக்குவரத்து

தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களையும் பெங்களூருவையும் இணைக்கும் வழியில் உள்ள மாநகரம் சேலம். மருத்துவம், தேர்வு, வணிகம், கோயில் வழிபாடு, ஏற்காடு சுற்றுலா எனப் பல காரணங்களுக்காக வெளியூர் மக்கள் இங்கு வருகின்றனர். இந்நகரின் தொடருந்துச் சந்திப்பும் இரு பெரிய பேருந்து நிலையங்களும் ஒரே இடத்தில் இல்லை. எனவே சேலத்தில் எங்கே இறங்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

தொடருந்து நிலையங்கள்

1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கி அமைக்கப்பட்ட இருப்புப்பாதை, திருமணிமுத்தாற்றங்கரையில் இருந்த பழைய ஊருக்குள் வராமல் சூரமங்கலம் வழியாகச் சென்றது. இன்றைய சேலம் சந்திப்பு அங்கேயே உள்ளது. பழைய நகரம் அங்கிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில் இருக்கிறது. சென்னை, கோயம்புத்தூர், கேரளம் செல்லும் விரைவு வண்டிகள் சந்திப்பில் நிற்கின்றன. சேலம் டவுன் நிலையம் விருத்தாச்சலம் பாதையில் உள்ளது. ஆத்தூர், சின்னசேலம் பக்கமிருந்து வருவோர் டவுன் நிலையத்தில் இறங்கினால் நகரின் மையப்பகுதியை எளிதில் அடையலாம்.

பேருந்து நிலையங்கள்

மெய்யனூரில் உள்ள எம்.ஜி.ஆர். மத்தியப் பேருந்து நிலையத்தை மக்கள் 'புதிய பஸ் ஸ்டாண்ட்' என்பர். வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் இங்கிருந்தே புறப்படுகின்றன. நகரின் நடுவே உள்ள பழைய பேருந்து நிலையம் நகரப் பேருந்துகளின் மையமாகும். சீர்மிகு நகரத் திட்டத்தில் ஈரடுக்காகக் கட்டப்பட்ட இதன் புதிய கட்டடம் 2023இல் திறக்கப்பட்டது. சுகவனேசுவரர் கோயில், கோட்டை மாரியம்மன் கோயில், மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஆகியவை பழைய நிலையத்தின் சுற்றுப்புறத்தில் உள்ளன. சந்திப்பு, புதிய நிலையம், பழைய நிலையம் ஆகிய மூன்றுக்கும் இடையே நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. 'பஸ் ஸ்டாண்ட்' என்று மட்டும் கேட்டால் குழப்பம் நேரும். புதியதா பழையதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புறவழிச்சாலை நிறுத்தங்கள்

பெங்களூருவிலிருந்து மதுரை, கோயம்புத்தூர் செல்லும் தொலைதூரப் பேருந்துகள் சில, நகருக்குள் வராமல் சீலநாயக்கன்பட்டி அல்லது கொண்டலாம்பட்டி புறவழிச்சாலையில் பயணிகளை இறக்கிவிடும். நள்ளிரவில் அங்கு இறங்குவோர் நகருக்குள் செல்ல ஆட்டோவையே நம்ப நேரிடலாம். நோயாளிகளுடனோ குழந்தைகளுடனோ வருவோர், பேருந்து நிலையத்துக்குள் செல்லுமா என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கட்டணமும் மகளிர் பயணமும்

சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1973இல் தொடங்கப்பட்ட அண்ணா போக்குவரத்துக் கழகமே இன்று தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்டமாக இயங்குகிறது. 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணிக்கலாம். 'விடியல் பயணம்' என்பது இத்திட்டத்தின் பெயர். ஏறியதும் நடத்துநரிடம் கட்டணமில்லாப் பயணச்சீட்டைப் பெற வேண்டும். தனியார் பேருந்துகளுக்கு இச்சலுகை இல்லை. சேலம், நாமக்கல் வழித்தடங்களில் தனியார் பேருந்துகள் மிகுதி என்பதால், ஏறும் முன் பேருந்தின் முகப்புப் பலகையைப் பார்ப்பது அவசியம். சேலத்து நகரப் பேருந்துகள் மாநகர எல்லையோடு நிற்பதில்லை. சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கும் அவை செல்கின்றன.

ஏற்காடு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்துகள் உண்டு. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விடுமுறை நாள்களிலும் கோடை விழாவின்போதும் கூட்டம் அதிகமாக இருக்கும். ஒரே நாளில் திரும்ப எண்ணுவோர், மேலே சென்று இறங்கியவுடன் கடைசிப் பேருந்தின் நேரத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நாமக்கல்

1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. ஆயினும் 2013இல் சேலம்–கரூர் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பிறகே நாமக்கல் நகருக்குத் தொடருந்து வசதி கிடைத்தது. நாள் முழுவதும் வண்டிகள் கிடைப்பதால் இன்றும் பலர் பேருந்தையே நாடுகின்றனர். 2024இல் முதலைப்பட்டியில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டதால், நாமக்கல்லிலும் பழைய நிலையம், புதிய நிலையம் என இரண்டு இடங்கள் உள்ளன. நாமக்கல் கோட்டை, ஆஞ்சநேயர் கோயில் ஆகியவற்றைக் காண வருவோர் நகரின் நடுவிலுள்ள பழைய நிலையத்துக்கு வழி கேட்க வேண்டும். எந்த நிலையம் என்ற கேள்வியைச் சேலத்தில் கேட்பதுபோலவே இங்கும் ஏறும் முன்னரே கேட்பது பயணிகளுக்கு உதவும்.