பலன கோட்டையில் ஒரு பகல்



வீட்டை விட்டு ஓர் இரவேனும் வெளியே தங்குவது என்னைப் போன்றவர்களுக்கு இலேசான காரியம் அல்ல. 2009 சித்திரையில் மாத்தளன் பக்கம் சனக்கூட்டத்துக்குள் என் மூத்த மகன் கைதவறிப் போனான். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. செட்டிகுளம் முகாமிலிருந்து கிளிநொச்சியில் உள்ள எங்கள் காணிக்குத் திரும்பிய நாள் முதல், பொழுதுபட்டால் படலையைப் பார்த்தபடி குந்தியிருப்பது என் வழக்கமாகிவிட்டது. நான் இல்லாத நேரம் அவன் வந்து நின்றால்? இந்தக் கேள்வி பல ஆண்டுகளாக என்னை ஒரு கலியாண வீட்டுக்கோ கோயில் திருவிழாவுக்கோ முழுமனதோடு போகவிட்டதில்லை.

2023 மாசியில் கேகாலையிலிருந்து என் அக்கா தொலைபேசியில் அழைத்தா. "எனக்கு அறுபத்து நாலு வயசாச்சு. கண்ணு நல்லா தெரியிறப்பவே ஒன்ன ஒருதரம் பார்த்துக்கிறேன். நாலு நாளைக்கு வந்துட்டுப் போ புள்ள" என்றா. அந்த வார்த்தைக்கு மறுமொழி சொல்ல முடியவில்லை. கதவில் வெண்கட்டியால் எழுதினேன்: "அம்மா கேகாலைக்குப் பெரியம்மா வீட்ட போயிருக்கிறன். செவ்வாய் வந்திடுவன். திறப்பு பக்கத்து வீட்டில்." எழுதிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அந்த நாலு நாளில் ஒரு பகல், ஒரு மலையுச்சிக் கோட்டைக்கு ஏறினோம். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இறப்பர் மலையிலிருந்து வன்னிக்கு

நான் பிறந்தது கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டம் ஒன்றின் லயத்தில். தலைமன்னாரில் கப்பலால் இறங்கி, புகையிரதத்தில் வந்த குடும்பம் எங்களுடையது என்று அப்பாயி சொல்லுவா. 1977 ஆவணிக் கலவரத்தில் லயங்கள் எரிந்தபோது எனக்கு எட்டு வயது. சட்டி பானையைக்கூட எடுக்க நேரமில்லை. அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு வன்னிக்குப் போனார். அங்கே காடு வெட்டிக் காணியாக்கினோம். அக்கா அதற்கு முன்னரே கலியாணமாகி வேறொரு தோட்டத்தில் இருந்தா. அவவின் கணவர் போக மறுத்துவிட்டார். இப்படித்தான் ஒரே வயிற்றில் பிறந்த நாங்கள் இரண்டு திசையானோம். இன்று நான் வாய் திறந்தால், "நீ என்னா, யாழ்ப்பாணத்து ஆளு மாதிரி பேசுற!" என்று அக்கா சிரிக்கிறா.

இப்படி மலைநாட்டிலிருந்து அகதியாக வன்னிக்குப் போய், வன்னியில் மறுபடியும் அகதியான குடும்பங்கள் ஏராளம். இதை வாசிக்கும் உங்களில் பலரும் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களாக இருப்பீர்கள்.

பார்க்கின்ற மலை

அக்காவின் மகள் தோட்டப் பாடசாலை ஆசிரியை. சரித்திரம் படிப்பிப்பவள். "சின்னம்மா, வீட்டுக்குள்ளயே இருந்து என்ன செய்யப் போறீங்க? பலன கோட்டைக்குப் போய் வருவோம்" என்று அவள்தான் கிளப்பினாள். சிங்களத்தில் பலன என்றால் பார்க்கின்ற என்று பொருளாம். கேகாலைப் பள்ளத்தாக்கிலிருந்து கண்டிக்கு ஏறும் கணவாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதால் அந்தப் பெயர்.

ரம்புக்கணையில் மெதுவாக ஓடும் புகையிரதத்தில் ஏறினோம். அங்கிருந்துதான் மலையேற்றம் தொடங்குகிறது. ஏறத்தாழ 45 அடி தூரத்துக்கு ஓர் அடி வீதம் பாதை உயர்ந்துகொண்டே போகும். 1867 இல் கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது கோப்பியை இறக்கத்தான். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தாழ்ந்த மலைகளில் இறப்பர் வந்தது. எங்கள் சனங்கள் எல்லாவற்றுக்கும் உழைத்தார்கள். யன்னலுக்கு வெளியே ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் அதலபாதாளம். அக்கா கண்ணை மூடிக்கொண்டா. நான் மூடவில்லை. பார்த்துக்கொண்டே வந்தேன்.

பலன நிலையத்தில் இறங்கி மலைப்பாதையில் நடக்கத் தொடங்கினோம்.

அக்கா சொல்லித்தந்த நடை

முதலில் வீடுகளும் மிளகுக் கொடிகளும் பலா மரங்களும். பிறகு பாதை நிமிர்ந்தது. கால் மணித்தியாலத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது. வலது முழங்காலில் பழைய காயம் ஒன்று உண்டு. கடைசி இடப்பெயர்வில் வந்தது. ஒரு கல்லில் இருந்துவிட்டு, "நீங்கள் போய் வாங்கோ, நான் இதிலேயே இருக்கிறன்" என்றேன்.

அக்கா விடவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் விடியற்காலையில் இறப்பர் மலை ஏறி பால் வெட்டியவ அவ. "நேரா ஏறாத. பாதத்த சாச்சு வச்சு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா குறுக்க ஏறு. வாயால மூச்சு விடாத. நூறு அடி வச்சதும் நில்லு. உச்சிய பார்க்காத, அடுத்த கல்ல மட்டும் பாரு" என்றா. ஒரு தடியும் ஒடித்துத் தந்தா. அவ சொன்னபடி எண்ணி எண்ணி ஏறினேன். நூறு, நிறுத்தம். நூறு, நிறுத்தம். பதினைந்தாவது நூறோ பதினாறாவது நூறோ, எண்ணிக்கையை விட்டுவிட்டேன். முழங்கால் வலித்தது. ஆனால் நின்றுவிடவில்லை.

உச்சியில் பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. கல் அத்திவாரங்கள், இடிந்த மதில் வரிசைகள், இடுக்கில் முளைத்த புல், சுற்றிவரக் காற்று. இதற்காகவா ஏறினோம் என்று ஒரு கணம் நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது விளங்கியது. கேகாலை நாடு முழுவதும் காலடியில் கிடந்தது. மேசை போன்ற பத்தலேகலப் பாறை, கொள்ளைக்காரன் சரதியல் ஒளிந்திருந்த உத்துவான்கந்த, அப்பால் அடுக்கடுக்காகப் பச்சை. ஒரு படை அந்தப் பள்ளத்தாக்கில் புறப்பட்டால் இங்கே காவல் நிற்பவன் கண்ணுக்குத் தப்ப முடியாது.

கண்டி அரசர்களின் தந்திரம் வேடிக்கையானது என்று மகள் சொன்னாள். எதிரி பலமாக வந்தால் ஏறி வர விடுவார்கள். நகரத்தைக்கூட விட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விடுவார்கள். பிறகு அவன் இறங்கும் வழியை அடைத்துவிடுவார்கள். 1594 இல் போர்த்துக்கேயத் தளபதி பேறோ லோப்பஸ் டி சூசாவின் படை கண்டிவரை போனது. திரும்பும்போது தந்துறையில் அடியோடு அழிந்தது. கூட வந்த உள்நாட்டு வீரர்கள் பலர் கைவிட்டுப் போனதும் ஒரு காரணம். 1603 இல் அசவேடோ என்ற தளபதி இந்தப் பலன கோட்டையைப் பிடித்தே விட்டான். ஆனால் உள்நாட்டு வீரர்கள் எதிர்த்துக் கிளம்ப, இதே மலைவழியால் அடிபட்டு இறங்கி ஓடவேண்டியதாயிற்று.

மன்னார்க் கோட்டையில் வளர்ந்த பிள்ளை

வெற்றி தோல்விக் கதைகளை நான் பாதி காதால்தான் கேட்டேன். அப்போது மகள் ஒரு பெண்பிள்ளையின் கதையைச் சொன்னாள். அது என்னைப் பிடித்துக்கொண்டது.

அவள் பெயர் குசுமாசன தேவி. கண்டியை ஆண்ட கரலியத்த பண்டாரவின் மகள். 1580களின் தொடக்கத்தில் சீதாவாக்கை இராசசிங்கன் படையெடுத்து வந்தபோது, தகப்பன் கைக்குழந்தையோடு திருகோணமலைப் பக்கம் ஓடினான். அங்கே அம்மை நோயில் இறந்துபோனான். அநாதையான பிள்ளையைப் போர்த்துக்கேயர் மன்னாரில் வைத்து வளர்த்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்து தோனா கதரீனா என்று பெயர் வைத்தார்கள்.

மன்னார்! அந்தக் கோட்டை மதிலை நான் எத்தனை தரம் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பேன். மலைநாட்டில் பிறந்து, சண்டைக்குப் பயந்து ஓடி, வடக்கே அந்நியர் கையில் வளர்ந்த ஒரு பிள்ளை. நானூறு வருடத்துக்கு முன்னரும் இதே பாதைதானா என்று நினைத்தேன்.

அவளை வளர்த்தவர்கள் சும்மா வளர்க்கவில்லை. 1594 இல் அவளை அரசியாக்கி, அவள் பெயரால் கண்டியை ஆளலாம் என்று படையோடு மலைக்குக் கூட்டி வந்தார்கள். அந்தப் படைதான் தந்துறையில் அழிந்தது. பிடிபட்ட பதின்ம வயதுப் பெண்ணை, வென்றவனான விமலதர்மசூரியன் மணந்துகொண்டான். சிங்காசனத்துக்கு உரிமை அவளிடம் இருந்தது. அதனால் அவளும் சிங்காசனத்தோடு சேர்ந்து கைமாறினாள். 1604 இல் அவன் இறக்க, அடுத்து ஆட்சிக்கு வந்த செனரத்தும் அவளையே மணந்தான். 1613 இல் அவள் இறந்தாள்.

"உனக்கு விருப்பமா என்று யாராவது ஒருத்தர் அவளைக் கேட்டிருப்பாங்களா?" என்று அக்கா கேட்டா. மகளிடம் அதற்குப் பதில் இல்லை.

இன்னொருத்தியையும் நினைத்தோம். கடைசி மன்னனுக்கு எதிராகக் கிளம்பியவர் எகலப்பொல. அவர் இந்தச் சப்பிரகமுவவின் திசாவையாக இருந்தவர். தான் ஆங்கிலேயரிடம் தப்பிப் போனார். கண்டியில் அகப்பட்ட மனைவியும் பிள்ளைகளும் 1814 இல் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருடமே கண்டி ஆங்கிலேயர் வசமானது. ஆண்கள் எடுத்த முடிவுக்கு விலை கொடுத்தது அந்த வீட்டுப் பெண்ணும் பிள்ளைகளும்.

தேநீர்க் கடை அம்மா

இறங்கும்போது வீடுகள் தொடங்கும் இடத்தில் ஒரு சிங்கள அம்மாவின் சிறிய கடை. வெறுந்தேநீரும் கருப்பட்டித் துண்டும் வாங்கினோம். அக்காவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. நான் எங்கிருந்து வந்தேன் என்று அந்த அம்மா கேட்டா. கிளிநொச்சி என்றதும் கை நின்றுவிட்டது. முல்லைத்தீவு அதற்குப் பக்கமா என்று கேட்டா.

அவவின் தம்பி இராணுவத்தில் இருந்தவனாம். 1996 ஆடியில் முல்லைத்தீவு முகாம் விழுந்தபோது அங்கே இருந்திருக்கிறான். உடம்பு வரவில்லை. தாய் சாகும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தாவாம்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் ஊருக்குத் துவக்கோடு வந்தவன்தானே என்ற நினைப்பும் வராமல் இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தாயை எனக்கு நன்றாகத் தெரியும். "எனக்கும் ஒரு மகன்" என்று மட்டும் சொன்னேன். அக்கா அதைச் சிங்களத்தில் சொன்னா. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. தேநீர்க் காசை எண்ணி வாங்கினா. பிறகு எங்கள் வெற்றுப் போத்தல்களை உள்ளே கொண்டுபோய், ஆறவைத்த கொதித்த தண்ணீர் நிரப்பித் தந்தா. படலை வரை வந்து நின்றா.

போக விரும்பும் சகோதரிகளுக்கு

ஊர்ச் சங்கமாகவோ மாதர் குழுவாகவோ சேர்ந்து போவது நல்லது. தனியே போகவேண்டாம். மெதுவான புகையிரதங்கள்தான் பலன நிலையத்தில் நிற்கும். மழைக்குப் பிறகு மண்சரிவால் பாதை மூடப்படுவதுண்டு. ஆகவே புறப்படுமுன் ரம்புக்கணையில் கேட்டுக்கொள்ளுங்கள். காலையிலேயே ஏறுங்கள், பின்னேரம் மழை பிடிக்கும். செருப்பைவிடச் சப்பாத்து நல்லது. அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ வைத்திருங்கள். தண்ணீரும் ஒரு தடியும் கட்டாயம். முழங்கால் வலி, நெஞ்சுவலி உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். உச்சிவரை போக முடியாவிட்டால் பாதியில் இருந்து பார்த்தாலும் பள்ளத்தாக்கு தெரியும். பழைய கற்களைப் புரட்டவோ அவற்றில் பெயர் கீறவோ வேண்டாம்.

நான் செவ்வாய் பின்னேரம் வீடு திரும்பினேன். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கதவில் என் எழுத்து அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை திறப்பைத் தந்து, "ஒருத்தரும் வரேல்லை அன்ரி" என்றாள். கேட்காமலே சொன்னாள்.

ஈரத்துணி எடுத்து எழுத்தைத் துடைக்கப் போனேன். பிறகு அழித்தது ஒரு சொல்லை மட்டும். "செவ்வாய்" என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. வைகாசியில் அக்காவின் பேத்திக்குச் சாமர்த்திய வீடு. அதற்குப் போகும்போது நாளை மட்டும் எழுதினால் போதும்.