கணினியிற் படியெடுத்தலும் மீட்டலும்

திருவண்ணாமலைக் கோயிலை வலம் வருவோர் அதன் சுவர்களிற் சோழர், ஹொய்சளர், விசயநகர வேந்தர் காலத்துக் கல்வெட்டுக்களைக் காண்பர். அவை படியெடுக்கப்பெற்றுப் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தாரால் 1990-ஆம் ஆண்டில் நூலாக வெளியிடப்பெற்றன. இனிக் கல் தேயினும் செய்தி தேயாது.

இவ்வழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதுக்குமாறு முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டிற் பணித்தபோது, சுவரிலிருந்த கல்வெட்டுக்களை முன்னரே புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் செய்தான். அவை இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏறக்குறைய 1026-இல், புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. எழுதிக்கொண்டது படியெடுத்தல்; திரும்ப வெட்டியது மீட்டல். இரண்டும் கூடினாலன்றிக் காவல் நிறைவுறாது.

இதனை யாம் காலந்தாழ்த்தே உணர்ந்தோம். ஒரு கார்த்திகை மாத மழையிரவில் மின்சாரம் நின்று மீண்டபின் எம் வீட்டுக் கணினி எழவில்லை. மறைந்த எம் அன்னையார் பாடிய எட்டுத் தாலாட்டுக்களின் ஒலிப்பதிவு அதனுள் இருந்தது. படி இல்லையோ எனின், இருந்தது. ஆனால் அதே ஹார்டு டிஸ்கின் மற்றொரு பகுதியில்! வீட்டுச் சாவியின் மறுசாவியையும் அவ்வீட்டினுள்ளேயே வைத்துப் பூட்டினாற் போலாயிற்று. உறவினர் ஒருவருக்கு முன்பு அனுப்பியிருந்த மூன்று பாட்டுக்களே எஞ்சின.

ஆதலின் மாணவர் அறியவேண்டுவன சில கூறுவாம். கணினியைக் காக்கும் வழிகள் மூவகைப்படும். முதலாவது, கட்டுரை, படம் முதலிய கோப்புக்களுக்குப் படியெடுத்தல். விண்டோஸிலுள்ள பைல் ஹிஸ்டரியும், மாக் கணினிகளில் 2007 முதல் உள்ள டைம் மெஷினும், வெளித் தட்டை இணைத்து ஏற்பாடு செய்துவிட்டால், இதனைத் தாமே செய்துவரும். இரண்டாவது, சிஸ்டம் ரெஸ்டோர். புதிய மென்பொருளால் கோளாறு நேர்ந்தால், இது கணினியின் அமைப்பை முன்னாள் நிலைக்குத் திருப்பும். நம் கட்டுரைகளையோ படங்களையோ மீட்டுத் தராது. பலர் மயங்குமிடம் இதுவே. மூன்றாவது, தட்டு முழுவதற்கும் பிம்பம் எடுத்தல். புதிய தட்டைப் பொருத்தியபின் யாவற்றையும் ஒருங்கே திரும்பப் பெற இது உதவும். கணினி தொடங்கவே மறுக்கும் நாளுக்கென, அது நன்றாயிருக்கும்போதே மீட்புப் பென் டிரைவ் ஒன்று செய்துவைத்தல் வேண்டும். அது 16 ஜி.பி.க்குக் குறையாதிருத்தல் நலம்.

இனி நெறி யாதெனின், மூலத்தோடு சேர்த்து மூன்று படிகள். அவை இருவேறு வகைச் சாதனங்களில். அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில். வெள்ளமோ திருட்டோ வீட்டிலுள்ளவற்றை ஒருசேரக் கொண்டுபோகக்கூடும் என்பதே இதற்குக் காரணம். படியெடுத்தவுடன் வெளித்தட்டைக் கழற்றி வைக்க. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற பணயத் தீநிரல்கள், கணினியோடு இணைந்துள்ள தட்டுக்களிலுள்ள கோப்புக்களையும் பூட்டவல்லன. இணையச் சேமிப்பையே முழுதும் நம்புதலும் தகாது. கணினியில் நாம் தவறி அழித்தது ஆங்கும் அழிந்துபோதல் உண்டு.

இவை யாவற்றினும் சிறந்தது சோதனை. திங்களுக்கு ஒருமுறையேனும் படியிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பார்க்க. திறவாத படி படியன்று. தேர்வுக்குரிய ஆய்வேட்டைக் கணினியில் எழுதும் மாணவர் இன்றே இதனைத் தொடங்குவாராக. தட்டொன்றின் விலை பெரிதன்று. எஞ்சிய மூன்று தாலாட்டுக்களும் இப்பொழுது மூன்றிடங்களில் உள்ளன. போன ஐந்தும் மீளா.