ஒரு சொல்லும் ஒரு நாடும்

ஓர் உடன்படிக்கை இருமொழிகளில் எழுதப்பட்டு, இரண்டும் பொருளால் வேறுபடின், எதனைக் கொள்வது? நியூசீலாந்தின் ஆதிக்குடிகளாகிய மாவோரியரின் உரிமை வழக்கு இவ்வினாவிலேயே தங்கியுள்ளது.

1840ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதி, வைத்தாங்கி என்னுமிடத்தில் மாவோரித் தலைவர்கள் பிரித்தானிய முடியுடன் உடன்படிக்கை செய்தனர். நாட்டின் இறைமை முழுவதையும் முடிக்குக் கையளிப்பதாக ஆங்கிலப் பாடம் கூறிற்று. அதனைத் தம் மகனுடன் ஓரிரவில் மொழிபெயர்த்த ஹென்றி வில்லியம்ஸ் பாதிரியார், இறைமை என வருமிடத்துக் 'காவனதங்க' என்று எழுதினார். 'கவர்னர்' என்னும் ஆங்கிலச் சொல்லினின்று பிறந்த அது, தேசாதிபதியின் நிருவாகம் என்னும் அளவிலேயே பொருள் தருவது. நிலமும் ஊரும் அருஞ்செல்வங்களும் தலைவர்தம் முழு அதிகாரத்திலேயே நிற்கும் என்றும் மாவோரிப் பாடம் உறுதி கூறிற்று. 1835இல் வடபுலத் தலைவர்களின் சுதந்திரப் பிரகடனத்தை மொழிபெயர்த்தபோது இறைமையைக் குறிக்க 'மனா' என்னுஞ் சொல்லையும் ஆண்டவர் இவரே. ஈண்டும் அதனை இட்டிருப்பின் ஒப்பமிட எத்தனை பேர் முன்வந்திருப்பர்?

நாடெங்கும் ஒப்பமிட்டோர் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர். ஆங்கிலப் பாடத்தில் ஒப்பமிட்டோர் 39 பேரே. ஆயினும் அரசு ஆங்கிலப் பாடத்தையே கைக்கொண்டது. 1860களில் போர் மூண்டது. வைக்காத்தோப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் நிலம் பறிக்கப்பட்டது.

1975இல் அமைக்கப்பட்ட வைத்தாங்கி நியாயசபை, 1840 முதலான குறைகளையும் ஆராயும் அதிகாரத்தை 1985இல் பெற்றது. 1840 பெப்ரவரியில் ஒப்பமிட்ட தலைவர்கள் இறைமையைக் கையளிக்கவில்லை என 2014இல் அச்சபை துணிந்தது. முடியின் இறைமை ஐயத்துக்கிடமற்றதென அரசு விடையிறுத்தது.