உயில் எழுதினால் போதாது, நிரூபிக்கவும் முடிய வேண்டும்

சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடி வீடு. பத்திரம் கணவர் பெயரில் இருக்கிறது. மாதத் தவணையில் பாதியை மனைவி கட்டுகிறார். கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால் வீடு மனைவிக்குத்தான் என்று பல குடும்பங்கள் நம்பிக்கொண்டிருக்கின்றன. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மனைவி, மகன், மகள், கணவரின் தாய் என நால்வர் இருந்தால் ஆளுக்குக் கால் பங்கு. பிள்ளை மைனராக இருந்தால் அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். பின்னர் அந்தத் தாயும் உயில் எழுதாமல் காலமானால், அவருடைய கால் பங்கு அவருடைய மற்ற மகன்களுக்கும் மகள்களுக்கும், இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் பிரியும். தான் தவணை கட்டிய வீட்டை விற்க, கொழுந்தனார், நாத்தனார் எல்லாருடைய கையெழுத்தையும் அந்தப் பெண் தேடிப் போக வேண்டியிருக்கும். விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்க ஒருவர் மறுத்தாலும் பாகப்பிரிவினை வழக்குதான்.

இதைத் தவிர்க்க ஒரு வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும். ஆனால், உயில் சோதிக்கப்படுவது எழுதியவர் உயிரோடு இல்லாதபோது. அன்றைக்கு அது நிற்குமா என்பதை எழுதும் நாளிலேயே யோசிக்க வேண்டும்.

யார் எழுதலாம், எதை எழுதலாம்?

உயிலுக்கு அடிப்படை 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். 18 வயது நிறைந்த, புத்தி சுவாதீனமுள்ள எவரும் எழுதலாம். பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள், வாய் பேச இயலாதவர்கள் ஆகியோரும் தாங்கள் செய்வது இன்னதென்று அறிந்திருந்தால் எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம், கையாலும் எழுதலாம், தட்டச்சும் செய்யலாம். செல்போனில் பேசிப் பதிந்த வீடியோவும் வாட்ஸ்அப் செய்தியும் உயில் ஆகாது. மின்னணுக் கையொப்பத்துக்கு வழிசெய்த 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலைத் தன் வரம்பிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது.

சுயமாகச் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டுமே எழுத முடியும். தமிழ்நாட்டில் 1989 முதலும் நாடு முழுவதும் 2005 முதலும் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை உண்டு. மொத்த நிலத்தையும் மகனுக்கே எழுதிவைத்த தகப்பனாரின் உயில், மகளுடைய பங்கைப் பொறுத்தவரை செல்லாமல் போவது இதனால்தான். முஸ்லிம்களுக்கு அவர்களுடைய தனிச்சட்டம் பொருந்தும்: ஈமச் செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குவரைதான் உயிலில் எழுதலாம், அதற்கு மேல் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவர்கள் திருமணத்துக்கு முன் எழுதிய உயில், திருமணத்தோடு ரத்தாகிவிடும். புதிதாக எழுத வேண்டும்.

இரண்டு சாட்சிகள்

உயிலுக்கு உயிர் கொடுப்பவை சாட்சிக் கையெழுத்துகள். குறைந்தது இரண்டு பேர் வேண்டும். உயில் எழுதியவர் கையெழுத்திடுவதை ஒவ்வொரு சாட்சியும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அல்லது ‘இது என் கையெழுத்துதான்’ என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் சாட்சியும் கையெழுத்திட வேண்டும். பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்பி வாங்கிவந்த சாட்சிக் கையெழுத்தில் உயில் விழுந்துவிடும்.

பிற்பாடு வழக்கு வந்தால், உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றி விசாரித்தாக வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் கேள்விகள் மிகச் சாதாரணமாகத்தான் இருக்கும். உயிலில் கையெழுத்தானது வீட்டிலா, அலுவலகத்திலா? அப்போது வேறு யார் இருந்தார்கள்? முதலில் கையெழுத்திட்டது யார்? அவர் படித்துப் பார்த்தாரா, யாராவது படித்துக் காட்டினார்களா? பதினைந்து வருடம் கழித்து இதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொல்லக்கூடியவர்தான் நல்ல சாட்சி.

ஆகவே, உங்களைவிட வயதில் இளையவராக, நன்கு பழகியவராக, ஊரை விட்டுப் போகும் வாய்ப்புக் குறைந்தவராகப் பாருங்கள். ஒருவர் உங்கள் குடும்ப மருத்துவராக இருந்தால் மேலும் நல்லது. மனநிலை பற்றிய கேள்விக்கு அவரே பதில் சொல்வார். உயிலால் பயன்பெறுபவரையோ அவருடைய கணவர், மனைவியையோ சாட்சியாகப் போடாதீர்கள். கிறிஸ்தவர்களின் உயிலில் அப்படிச் செய்தால் அந்தச் சாட்சிக்குரிய பங்கு செல்லாது. இந்துக்களின் உயிலுக்கு அந்த விதி இல்லை என்றாலும் சந்தேகத்துக்குக் கதவு திறந்துவிடும்.

எவையெல்லாம் சந்தேகம் என்று 1958இல் எச். வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது: நடுங்கிய கையெழுத்து, தளர்ந்த மனநிலை, இயல்புக்கு மாறான பங்கீடு, பெரும்பங்கு பெறுபவரே முன்னின்று உயிலை எழுதவைத்தது. இவற்றைக் களைய வேண்டிய பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது. ஒரு பிள்ளைக்குக் குறைத்தோ கொடுக்காமலோ எழுதினால், காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ‘மூத்த மகளின் திருமணத்தின்போது காலி மனை கொடுத்துவிட்டபடியால்’ என்ற ஒரு வரி, பின்னால் வரும் பல ஊகங்களுக்குப் பதில் சொல்லிவிடும்.

பதிவு செய்துவிட்டால் போதுமா?

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அதை விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. பதிவாகாத கடைசி உயில், முன்பு பதிவான உயிலை வென்றுவிடும். பதிவு செய்ததாலேயே உயில் நிரூபணம் ஆகிவிடாது. சாட்சியை அப்போதும் அழைத்தாக வேண்டும்.

இருந்தாலும் பதிவு நல்லது. சார்பதிவாளர் முன் நேரில் போய்க் கையெழுத்தும் கைரேகையும் வைத்திருப்பது, போலி என்ற குற்றச்சாட்டுக்கு வலுவான மறுப்பு. உயில் தொலைந்தாலும் அலுவலகத்தில் நகல் இருக்கும். எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அந்த நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் கிடைக்கும். முத்திரைத் தீர்வை கிடையாது. நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே பதிவு அலுவலர் வருவதற்கும் சட்டத்தில் இடமுண்டு. விவரம் வெளியே தெரியக்கூடாது என்பவர்கள் மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்தும் வைக்கலாம்.

நாமினி வாரிசு இல்லை

வங்கியில் நாமினி போட்டாயிற்று, உயில் எதற்கு என்று கேட்பவர்கள் நிறையப் பேர். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர், அவ்வளவே. அது சட்டப்படியான வாரிசுகளுக்கோ உயிலில் கண்டவருக்கோ சேர வேண்டியது. ஆயுள் காப்பீட்டு வழக்கொன்றில் 1983லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. பங்குகள் விஷயத்தில் 2023இல் மீண்டும் உறுதிசெய்தது. காப்பீட்டில் மட்டும் 2015இல் ஒரு மாற்றம் வந்தது: பெற்றோர், கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அந்தத் தொகை அவர்களுக்கே. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினி போடலாம். நாமினி பெயரும் உயிலும் ஒத்துப்போகும்படி பார்த்துக்கொண்டால் பாதிப் பூசல் குறையும். குடும்ப ஓய்வூதியத்தை மட்டும் உயிலில் எழுதிவைக்க முடியாது. அது விதிப்படி உரியவருக்கே போகும்.

பெண்கள் கட்டாயம் எழுத வேண்டும்

ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். மணமான மூன்று மாதத்தில் கணவரைப் பாம்புக் கடிக்குப் பறிகொடுத்தார் ஒரு பெண். புகுந்த வீட்டார் அவரைத் துரத்திவிட்டார்கள். பெற்றோர் ஆதரவில் படித்து, வேலைக்குப் போய், தன் உழைப்பில் சொத்துச் சேர்த்தார். பிள்ளைகள் இல்லை, உயிலும் இல்லை. 1996இல் அவர் இறந்தபின் தாயும், கணவருடைய சகோதரியின் மகன்களும் சொத்துக்கு உரிமை கோரினார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் கணவர் வழி வாரிசுகளுக்கே என்று தீர்ப்பளித்தது. பிள்ளையில்லாத இந்துப் பெண் உயிலின்றி இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்ததற்குக் கணவரின் வாரிசுகள் முதலில், பெற்றோர் பிறகு என்பது இன்றும் சட்டத்தில் உள்ள வரிசை. தாய் தந்தை வழி வந்த சொத்து மட்டும் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். இது அநியாயம், சட்டம் மாற வேண்டும். அதுவரை சம்பாதிக்கும் பெண்களுக்கு உயில் ஒன்றே காப்பு.

உயிலா, செட்டில்மென்ட்டா?

செட்டில்மென்ட் பத்திரம் பதிவானதும் சொத்து கைமாறிவிடும். நினைத்தபடி திரும்ப வாங்க முடியாது. உயில் எழுதியவர் கண்மூடும்வரை சொத்து அவருடையது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி வீட்டை செட்டில்மென்ட் எழுதிவிட்டு நிர்க்கதியான முதியவர்களுக்காகவே 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் அதை ரத்து செய்ய வழி வைத்தார்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் கொடுத்திருந்தால்தான் அந்த வழி திறக்கும். குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு உயிலே பாதுகாப்பு.

எழுதும்போது

சொத்து விவரத்தைப் பத்திரத்தில் உள்ளபடியே எழுதுங்கள்: சர்வே எண், கதவு எண், பரப்பளவு, நான்கு எல்லை. பயன்பெறுபவரின் முழுப் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், உறவுமுறை தெளிவாக இருக்கட்டும். அவர் உங்களுக்கு முன்பே இறந்துவிட்டால் யாருக்கு என்பதையும், பட்டியலில் விட்டுப்போன சொத்து யாருக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள். கடன் இருந்தால் எதிலிருந்து அடைக்க வேண்டும் என்றும், மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியன் யார் என்றும், உயிலை நிறைவேற்றப்போகிறவர் யார் என்றும் குறிப்பிடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டுக் கையெழுத்திடுங்கள், தேதி அவசியம். முந்தைய உயில் இருந்தால் அதை ரத்து செய்வதாக எழுதுங்கள். பின்னால் பேனாவால் அடித்துத் திருத்தினால், அந்தத் திருத்தத்துக்கும் சாட்சிகளோடு கையெழுத்து வேண்டும். புதிதாக எழுதிவிடுவதே மேல்.

மூல உயில் எங்கே இருக்கிறது என்பது நிறைவேற்றுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வங்கி லாக்கரில் வைத்தால், லாக்கரைத் திறக்கவே உயிலைக் கேட்கும் சிக்கல் வரலாம். சென்னைச் சொத்துகளுக்கு உயர் நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் உண்மையானது என்னும் நீதிமன்றச் சான்று) வாங்கும் வழக்கம் நெடுங்காலமானது. பெயர் மாற்ற இப்போது என்ன ஆவணம் தேவை என்று வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பு நன்றாக இருக்கும்போது, பிள்ளைகள் யாரும் அருகில் நின்று சொல்லாமல் எழுதிய உயில், மருத்துவமனைக் கட்டிலில் அவசரமாகப் பதிவான உயிலைவிடப் பல மடங்கு உறுதியானது. எழுதலாம் என்று நினைப்பவர்கள் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரங்களை ஒரே கோப்பில் சேர்த்துவிட்டு, சாட்சியாக வரச் சம்மதமா என்று இரண்டு பேரிடம் இந்த வாரமே கேளுங்கள். மற்றதெல்லாம் ஒரு நாள் வேலை.